அலியா, டைசனா, மார்சியானோவா? பழைய பாக்ஸிங் சாம்பியன்கள் பத்தி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 1966 முகமது அலியும் 1988 மைக் டைசனும் மோதினா யாரு ஜெயிப்பா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

பதில்: அலி. டைசன் 88ல மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 செகண்ட்ல முடிச்சவரு, அதனால முதல் நாலு ரவுண்டு அலிக்கு உசுரு போய் வரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 66 நவம்பர்ல ஹூஸ்டன்ல க்ளீவ்லண்ட் வில்லியம்ஸ் கூட அலி போட்ட சண்டைய பாருங்க தம்பி, பின்னாடி நகர்ந்துக்கிட்டே அடிக்கிறாரு, அவ்வளவு பெரிய உடம்பு அப்படி நகர்றத நான் வேற யார்கிட்டயும் பாத்ததில்ல. நல்ல ஜாப் (முன் கையால நேரா சட்டுனு குத்துறது) இருக்கிற உயரமான ஆள், கிட்ட வந்தா கட்டிப்பிடிச்சு நிறுத்துற ஆள்னா டைசனுக்கு எப்பவும் தலைவலி.

கேள்வி: டோக்கியோல பஸ்டர் டக்ளஸ்கிட்ட டைசன் தோத்தத வெச்சு சொல்றீங்களா? அன்னிக்கு டைசன் ஃபார்ம்லயே இல்லயே ப்ரோ.

பதில்: ஒத்துக்கறேன், 1990ல ட்ரெயினிங்கே ஒழுங்கா பண்ணல. அதனாலதான் அலி சுலபமா ஜெயிப்பாருன்னு சொல்லல, லேட் ரவுண்ட்ஸ்ல அலின்னு சொல்றேன்.

கேள்வி: சார், ராக்கி மார்சியானோ 49-0. ஒரு தோல்வி கூட இல்ல. அவரத்தானே நம்பர் ஒன்னு சொல்லணும்?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச ஆள் அவரு, ஆனா ரெக்கார்டை மட்டும் பாக்காதீங்க, எத்தன ரவுண்டு சண்டைன்னு சேத்து பாக்கணும். 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா, ஜெர்சி ஜோ வால்காட் கூட டைட்டில் ஃபைட். முதல் ரவுண்டுலயே மார்சியானோ கீழ விழுந்தாரு, 12 ரவுண்டு முடியிறப்ப பாயின்ட்ல பின்னாடி இருந்தாரு, 13வது ரவுண்டுல கயித்தோரமா வலது கையால ஒரே ஒரு குட்டையான குத்து, வால்காட் அப்படியே சரிஞ்சிட்டாரு. அப்ப டைட்டில் ஃபைட் 15 ரவுண்டு, இப்ப 12 ரவுண்டுதான். இன்னிக்கு ரூல்ஸ்னா அந்த 13வது ரவுண்டே கிடையாது, வால்காட் பாயின்ட்ல ஜெயிச்சிருப்பாரு, 49-0ங்கிறதே இருந்திருக்காது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. அதே வருஷம் ஜூன்ல சுகர் ரே ராபின்சன் தன்ன விட 15 பவுண்டுக்கு மேல எடை ஜாஸ்தி இருந்த ஜோயி மேக்ஸிம் கூட லைட் ஹெவிவெயிட் டைட்டிலுக்கு மோதுறாரு. நியூயார்க்ல கொளுத்துற வெயில் காலம், ரிங்குக்குள்ள லைட் சூடு வேற, ரெஃப்ரியே 10 ரவுண்டோட முடியலன்னு போய் வேற ஆள் வந்தாரு. ராபின்சன் பாயின்ட்ல நல்லாவே முன்னாடி, ஆனா 14வது ரவுண்டுக்கு ஸ்டூல விட்டு எழுந்திரிக்க முடியல. 12 ரவுண்டா இருந்தா அந்த பெல்ட்டும் அவருக்குத்தான். 71ல ஜோ ஃப்ரேஸியர் அலிய விழவெச்ச லெஃப்ட் ஹூக் (இடது கைய வளைச்சு பக்கவாட்டுல அடிக்கிறது) கூட 15வது ரவுண்டுல வந்ததுதான்.

கேள்வி: ஏன் 12 ஆக்குனாங்க?

பதில்: 1982ல மன்சினி கூட நடந்த சண்டைல கொரியாக்காரர் கிம் டுக் கூ 14வது ரவுண்டுல விழுந்தாரு, சில நாள்ல இறந்துட்டாரு. அதுக்கப்புறம் டபிள்யூபிசி (உலக பாக்ஸிங் கவுன்சில்) முதல்ல குறைச்சாங்க, மத்தவங்க பின்னாடியே வந்தாங்க. குறைச்சது சரிதான்.

கேள்வி: சரி, மார்சியானோவ இன்னிக்கு ரொம்ப உயரமான ஹெவிவெயிட் டைசன் ஃபியூரி முன்னாடி நிறுத்தினா?

பதில்: தோப்பாரு. 5 அடி 10 அங்குலம், சுமார் 84 கிலோ, இன்னிக்கு அவர் க்ரூஸர்வெயிட், அதாவது ஹெவிவெயிட்டுக்குக் கீழ உள்ள எடைப்பிரிவு. சின்ன ஆளால முடியாதுன்னு சொல்ல வரல, 1919ல டெம்ப்ஸி 187 பவுண்டுல நின்னு 245 பவுண்டு வில்லார்ட முதல் ரவுண்டுலயே ஏழு தடவ கீழ தள்ளுனாரு, 2024ல உசிக் ஃபியூரிய ரெண்டு தடவ ஜெயிச்சாரு. ஆனா உசிக் 6 அடி 3, கால் வேகம் வேற லெவல். மார்சியானோ கை நீளத்துக்கு ஃபியூரிகிட்ட போய் சேர்றதே பெரும்பாடு.

கேள்வி: அலி - மார்சியானோ சண்டைய கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தாங்களாமே?

பதில்: ஆமா, 1970ல தியேட்டர்ல காட்டினாங்க. ரெண்டு பேரும் நிஜமாவே ரிங்ல ஏறி நடிச்சாங்க, மார்சியானோ எடைய நல்லா குறைச்சு விக் வெச்சுக்கிட்டு வந்தாரு, பல விதமான முடிவு எடுத்து வெச்சிருந்தாங்க. அமெரிக்கால மார்சியானோ 13வது ரவுண்டுல ஜெயிக்கிற மாதிரி வந்துச்சு. பாவம், அது வெளிவர்றதுக்கு முன்னாடியே 69 ஆகஸ்ட்ல விமான விபத்துல போயிட்டாரு. அத வெச்சு யாரும் வாதாடாதீங்க.

கேள்வி: ஓட்டப்பந்தயம்னா டைம் இருக்கு, ஈஸியா கம்பேர் பண்ணலாம்ல?

பதில்: அங்கயும் பிரச்சனைதான். ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1936 பெர்லின்ல 10.3, போல்ட் 2009ல அதே ஸ்டேடியத்துல 9.58. ஆனா ஓவன்ஸ் ஓடினது கரித்தூள் ட்ராக்ல, ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது, சின்ன கரண்டி வெச்சு தானே மண்ணுல குழி தோண்டி கால வெச்சு கிளம்பணும். வெறும் நம்பர வெச்சு அவரு ஸ்லோன்னு எப்படி சொல்றது?

கேள்வி: எல்லா எடையும் சேத்து உங்க நம்பர் ஒன் யாரு? எந்த ஃபைட்ட முதல்ல பாக்கணும்?

பதில்: ராபின்சன். யோசிக்கவே வேணாம். 57 மே மாசம் சிகாகோல ஜீன் ஃபுல்மர் கூட ரெண்டாவது சண்டை, அஞ்சாவது ரவுண்டு. ஃபுல்மர் நெருக்கி உள்ள வர்றாரு, ராபின்சன் பின்னாடி நகர்ந்துக்கிட்டே ஒரு லெஃப்ட் ஹூக் போடுறாரு, அதுக்கு முன்னாடி வரைக்கும் ஃபுல்மர யாரும் நாக்அவுட் பண்ணதே இல்ல. ராபின்சனுக்கு அன்னிக்கு வயசு 35. இதே அடிய அவரு வெல்டர்வெயிட்ல (இன்னும் குறைஞ்ச எடைப்பிரிவு) இருந்த வயசுல எப்படி போட்டிருப்பாருன்னு யோசிங்க, அப்புறம் சொல்லுங்க.