பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது, கெபாசிட்டர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. காரில் பேஸுக்காக 1000 வாட் மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர்) போட்டதிலிருந்து லைட் மினுக்குகிறது, கடைக்காரர் 1 ஃபாரட் கெபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும் டப்பா) போடச் சொல்கிறார் என்கிறீர்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் அந்த டப்பா தருவது ஏறக்குறைய 32 ஜூல்தான், 1000 வாட் இழுத்தால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் காலி, திரும்ப நிரப்புவதும் இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் அதே ஆல்டர்நேட்டர்தான். அதன் மேல் இருக்கும் நீல டிஸ்பிளே மட்டும் பார்க்க ஜோராக இருக்கும்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பாட்டைப் போட்டு, பேட்டரி முனையிலும் டிக்கியில் ஆம்ப் முனையிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 14 நின்று ஆம்பில் 12.8 காட்டினால் குறை வயரிலோ எர்த்திலோ (ஆம்பின் மைனஸை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு) இருக்கிறது. இரண்டு இடத்திலும் சேர்ந்து விழுந்தால்தான் ஆல்டர்நேட்டருக்குத் திராணி போதவில்லை என்று அர்த்தம்.

ஆம்ப் வயரிங் கிட்டில் வரும் "4 கேஜ்" (கேஜ் என்பது வயர் தடிமன் அளவு) வயரை நம்பாதீர்கள். நுனியில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். அசல் செம்பில் 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர், 5 மீட்டர் நீளத்தில் 100 ஆம்பியர் போனால் 0.4 வோல்ட் போகும். முலாம் வயரில் 0.6-க்கு மேல். எர்த்துக்கு டிக்கியில் பெயிண்டைத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டி போல்ட் போட்டு முறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்புறம் பானெட்டுக்குள் 'பிக் த்ரீ': ஆல்டர்நேட்டர் பிளஸ்ஸிலிருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, இன்ஜினிலிருந்து பாடி. இந்த மூன்றுக்கும் தடிமனான செம்பு வயர் கூடுதலாக இழுத்தாலே மினுக்கல் பெருமளவு குறைந்துவிடும் வண்டிகள் நிறைய உண்டு. பேட்டரி மைனஸில் சென்சார் இருக்கும் புது வண்டி என்றால் எர்த்தைப் பாடியில்தான் கட்ட வேண்டும், நேராக மைனஸ் முனையில் கட்டினால் சென்சார் கணக்குத் தப்பும். ஆம்புக்குப் போகும் பிளஸ் வயரில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம், அது ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் வண்டி எரியாமல் இருக்க.

ஆல்டர்நேட்டர் கடைசி. கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) 80 சதவீதத் திறனில் 1000 வாட் தர 90 ஆம்பியர் வரை இழுக்கும், சின்ன வண்டிகளின் ஆல்டர்நேட்டர் மொத்தமே அந்த அளவில்தான் இருக்கும், அதில் ஏசி, லைட், இன்ஜின் வேறு. ஆனால் பாட்டு முழுக்க உச்சத்தில் ஓடுவதில்லை, சராசரி இழுப்பு இதில் பாதிகூட வராது, அதனால்தான் பலருக்குக் கம்பெனி ஆல்டர்நேட்டரே போதுகிறது. வயர் வேலை முடிந்தும் வோல்ட்டேஜ் விழுந்தால் பெரிய ஆல்டர்நேட்டர் மாற்றுங்கள், வாங்கும்போது ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மெதுவாக ஓடும்போது) எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 200 என்று ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் அதிக ஆர்.பி.எம்.மில் வருவது, சிக்னலில் நிற்கும்போது அது கிடைக்காது.