தையல் மெஷினைப் பார்த்து பயப்படாதீங்கக்கா

அக்கா, உங்க பாப்பா காஸ்ட்யூம் டிசைன் படிக்கணும்ங்கறான்னு நேத்து நீங்க அழுதுட்டே போனை வச்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் நிதானமா எழுதறேன். "தாராவியில 20 வருஷமா அவரு மெஷின் மிதிச்சது போதாதா, இவளும் துணி தைக்கத்தான் போகணுமா, அப்புறம் எதுக்கு 12வதுல சயின்ஸ்"னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். ஆனா பழைய படத்து காஸ்ட்யூம் கண்காட்சி பாத்துட்டு வந்து பாப்பா வரைஞ்ச நோட்டை நீங்க முழுசா பாத்தீங்களா?

பொதுவா அந்த வயசுல ஜரிகை, பூ வேலை, ஹீரோயின் நிக்கற போஸுன்னுதான் வரைவாங்க. இவ ஒரு ஜாக்கெட்டோட கை மடிப்பை மட்டும் பக்கம் முழுக்கப் பெருசா வரைஞ்சு, பிரிச்சுத் தைச்ச தடத்தைப் புள்ளி புள்ளியா போட்டு, பக்கத்துல "டான்ஸுக்காக லூஸ் பண்ணதா?"ன்னு பென்சில்ல எழுதி வச்சிருக்கா. அப்பா மெஷின் பக்கத்துலயே உக்காந்து வளர்ந்த கண்ணுக்கா அது, எந்த கோச்சிங் கிளாஸும் குடுக்காது.

காஸ்ட்யூம் டிசைனருக்கு வேலையே கதையைப் படிக்கறதுலதான் ஆரம்பிக்குது. எந்த வருஷம், எந்த ஊரு, அந்த கேரக்டர்கிட்ட எத்தனை சட்டை இருக்கும், காலர் எவ்ளோ நைஞ்சிருக்கும்னு யோசிக்கணும், புதுத்துணியைத் தேச்சு, டீத்தண்ணில முக்கி பழசாக்கணும், சண்டை சீன்னா ஒரே சட்டைல நாலஞ்சு தைச்சு வைக்கணும். நம்ம மும்பையில இருந்த காஸ்ட்யூம் டிசைனர் பானு அத்தையா கோலாப்பூர்ல பொறந்து சிஎஸ்டி ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற ஜே.ஜே. ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ல ஓவியம் படிச்சவங்க, 'காந்தி' படத்துக்கு ஜான் மோலோவோட சேர்ந்து 1983ல ஆஸ்கர் வாங்கினாங்க, இந்தியாவுக்கே அதுதான் முதல் ஆஸ்கர். அந்த சிலையை 2012ல அவங்களே அகாடமிகிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க, தனக்கப்புறம் அது பத்திரமா இருக்கணுமேங்கற கவலையில.

அந்தப் பத்திரப்படுத்தறதே ஒரு தனி வேலைக்கா. கண்காட்சியில ஒரே இருட்டுன்னு அலுத்துக்கிட்டீங்கல்ல, பழைய பட்டும் சாயமும் வெளிச்சம் பட்டா வெளுத்துடும், வெளுத்தது திரும்பாது, அதனால துணி வச்ச இடத்துல வெளிச்சத்தை 50 லக்ஸுக்கு (லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கற அலகு) மேல போக விடமாட்டாங்க. சாயம், நூல், ஈரப்பதம்னு எல்லாமே கெமிஸ்ட்ரி, அவ படிக்கற சயின்ஸ் இங்க வீணே ஆகாது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம்னு நாம சொல்றோமே, அங்கயே கலைப்பொருள் பாதுகாப்புக்குன்னு ஒரு மையம் இருக்கு.

படிப்புக்கு, காஸ்ட்யூம்னே பேர் போட்ட டிகிரியைத் தேடி அலையாதீங்க. நிஃப்ட்னு மத்திய அரசோட ஃபேஷன் கல்லூரி இருக்கு, அங்க நாலு வருஷ பி.டிசைன் டிகிரிக்கு எந்த குரூப் எடுத்தவங்களும் எழுதலாம், நவி மும்பை கார்கர்லயே கேம்பஸ் இருக்கு, எழுத்துத் தேர்வு பொதுவா பிப்ரவரியில வரும், அதுக்கப்புறம் கையால ஒரு பொருள் செஞ்சு காட்டற டெஸ்டும் உண்டு. ஃபீஸ் லட்சக்கணக்குல ஆகும், அதனால அரசு நிறுவனமான ஜே.ஜே.வையும் சேர்த்தே முயற்சி பண்ணுங்க. ஊர் பேர் தெரியாத பிரைவேட் இன்ஸ்டிட்யூட்ல "100 பர்சென்ட் பிளேஸ்மென்ட்"னு போர்டைப் பாத்து பணத்தைக் கட்டிடாதீங்க, என்கிட்ட வந்த ஒரு குடும்பம் நகையை அடகு வச்சு கட்டிட்டு இன்னும் மீட்கல.

சம்பளத்தைப் பத்தி மறைக்காம சொல்லிடறேன், சினிமாவுல மாசாமாசம் வராது, படத்துக்குப் படம்தான், முதல் சில வருஷம் அசிஸ்டென்டா துணிமூட்டை தூக்கி லோக்கல் டிரெயின்ல அலையணும், நைட் ஷூட்டிங் இருக்கும், பேமெண்ட் இழுத்தடிப்பாங்க. விளம்பரம், நாடகம், சீரியல், துணி கம்பெனி டிசைன் டிபார்ட்மென்ட்னு வேற வழிகளும் இருக்கறதால டிகிரி கையில இருக்கறது முக்கியம். போர்டு எக்ஸாம் முடியற வரைக்கும் கெமிஸ்ட்ரியை விடக்கூடாதுன்னு நானும் அவகிட்ட கண்டிப்பா சொல்றேன்.

இதுக்கு நடுவுல பெடர் ரோட்ல இருக்கற தேசிய சினிமா அருங்காட்சியகத்துக்கு மூணு பேரும் ஒருதடவை போயிட்டு வாங்க, திங்கக்கிழமை லீவு. பாப்பாவோட அப்பா, அதான் அண்ணனைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. அந்த கை மடிப்புப் படத்தை அவர்கிட்ட காட்டி, எதுக்காக அப்படிப் பிரிச்சுத் தைச்சிருப்பாங்கன்னு அவளையே கேக்கச் சொல்லுங்க. அவர் சொல்றதை அதே பக்கத்துல அவ எழுதட்டும், சனிக்கிழமை வரும்போது நோட்டையும் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க.