பிரெய்ரியில் மரம்: ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பதில்

வணக்கம். போன வாரம் குழுவில் "ரெஜைனாவில் என்ன மரம் நடலாம்" என்று தொடங்கின பேச்சு எங்கெங்கோ போயிடுச்சு. ஞாயிறு மதியம் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்றேன்னு வாய் விட்டுட்டேன், உட்கார்ந்தாச்சு. 16 வருஷமா, கனடாவில் பிரெய்ரி என்கிற புல்வெளிச் சமவெளியில் இருக்கிற சஸ்காட்சுவன் மாகாணப் பண்ணைகளுக்கு ஷெல்டர்பெல்ட், அதாவது காற்றைத் தடுக்கிற மரவரிசை, அமைச்சுக் கொடுக்கிறது என் வேலை. மரம், காற்று, பனி, கொஞ்சம் மண். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரோஜா, புல்தரை, தொட்டிச்செடிக்கெல்லாம் வேற ஆளைப் பாருங்க.

கேள்வி (ரெஜைனா): அக்கா, நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. ஊரைத் தாண்டினா கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மரம் இல்லை. எல்லாத்தையும் வெட்டிட்டாங்களா?

யாரும் வெட்டலை தம்பி. பெரும்பகுதியில் மரமே இருந்ததில்லை. ரெஜைனாவுக்கு வருஷத்துக்குப் பனியையும் சேர்த்து ஏறக்குறைய 400 மில்லிமீட்டர்தான் மழை. அதையும் காற்று உறிஞ்சிட்டுப் போயிடும். ஆனா மழைக்குறைவு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நெருப்பும், பைசன் என்ற பெரிய காட்டு மாடும். இடி விழுந்தும் தீப்பிடிக்கும். புதுப்புல் முளைச்சா பைசன் தேடி வரும்னு பூர்வகுடி மக்களே கொளுத்தினதும் உண்டு. புல்லுக்கு உயிர் மண்ணுக்குள்ளே இருக்கு, மேலே எரிஞ்சாலும் சில வாரத்தில் துளிர்க்கும். மரக்கன்றுக்கு உயிர் மேலே இருக்கு. எரிஞ்சா பல கன்றுக்கு அதோட முடிஞ்சது. தப்பிச்சு நின்னதை பைசன் கூட்டம் மேய்ஞ்சும் உடம்பை உரசியும் முறிச்சுடும்.

அப்போ மரம் எங்கே இருந்துச்சு? தீ எட்டாத இடத்தில். ஆற்றுப் பள்ளத்தாக்கு, கூலி என்று இங்கே சொல்ற ஓடைச்சரிவு, பனி தாமதமா உருகுற வடக்குச் சரிவு. அடுத்த தடவை கப்பேல் பள்ளத்தாக்குப் பக்கம் வண்டி ஓட்டினா, வடக்கு பார்த்த சரிவில் மரமும் தெற்கு பார்த்த சரிவில் வெறும் புல்லும் இருக்கிறதைப் பாருங்க. ஒரே மழை, ஒரே மண், வெயில் விழுற கோணம் மட்டும் வேற.

மரம் குறைவா இருந்ததாலேயே மக்களுக்கு அது பெரிசு. கோடையில் புல்வெளியில் பைசன் பின்னாடி போன க்ரீ, நக்கோடா பூர்வகுடி மக்கள் குளிர்காலத்துக்கு மரமிருக்கிற பள்ளத்தாக்கில் இறங்கிடுவாங்க. விறகு அங்கே, காற்றுக்கு மறைப்பும் அங்கே. டீப்பி கூடாரத்துக்கு நேரான கழி வேணும்னா சைப்ரஸ் ஹில்ஸ் பைன் காட்டுக்குப் போகணும். (அங்கே ஒரு சைப்ரஸ் மரமும் கிடையாது. பிரெஞ்சு பேசின மெட்டி மக்கள், அதாவது பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தினர், அங்கிருந்த பைனை "சிப்ரே" என்று சொன்னதை ஆங்கிலேயர் சைப்ரஸ் ஆக்கிட்டாங்க.) தெற்கே லக்கோட்டா மக்களின் சூரிய நடனச் சடங்குக்கு நடுக்கம்பம் காட்டன்வுட் மரம். சஸ்கட்டூன் நகரத்தின் பெயரே ஒரு புதர்ப்பழத்துக்கு க்ரீ மொழியில் உள்ள பெயர்தான். அந்தப் பழத்தைக் காய்ந்த பைசன் இறைச்சியோடும் கொழுப்போடும் இடிச்சு வெச்சுக்கிட்டா குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு, அதுதான் பெமிக்கன்.

நீங்க ரெஜைனா நகரத்துக்குள்ளே பார்க்கிற மரம் கிட்டத்தட்ட எல்லாமே யாரோ கையால் நட்டது. வஸ்கானா ஏரியே ஓடையை அணைகட்டித் தேக்கினதுதான்.

கேள்வி (சஸ்கட்டூன்): மேடம், வேப்பமரம் வருமா?

வராது. குளிர்காலத்தில் −40 டிகிரி.

கேள்வி (மூஸ் ஜா பக்கம்): அக்கா, 10 ஏக்கர் வாங்கியிருக்கோம். வீட்டைச் சுத்தி ஒரு குச்சி இல்லை, ஜனவரியில் காற்று சுவரைத் துளைக்குது. ஜன்னலை ஒட்டியே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மர வரிசை வைக்கலாம்னு இருக்கோம்.

ஜன்னலை ஒட்டி வேண்டவே வேண்டாம்! மரவரிசை காற்றை நிறுத்துற சுவர் இல்லை, வேகத்தைக் குறைக்கிற சல்லடை. வேகம் குறைஞ்ச இடத்தில் காற்று தான் சுமந்து வந்த பனியைக் கொட்டும். வரிசை வீட்டை ஒட்டி இருந்தா பனிமேடு உங்க வாசலில்தான். வீட்டுப்பக்கத்து வரிசை குறைஞ்சது 30 மீட்டர் தள்ளி இருக்கணும். அதனால் பலன் குறையாது. மரத்தோட உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் வரைக்கும் காற்று நல்லா அடங்கும், 20 மடங்கு வரைக்கும் கொஞ்சமாவது தெரியும்.

காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். அதனால் வடக்கிலும் மேற்கிலும் ட வடிவத்தில் வையுங்க. வெளி வரிசை கரகானா, 30 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. சைபீரியாக்காரச் செடி, அவரை இனம், மஞ்சப் பூ, எந்தக் கொடுமையையும் தாங்கும், பனியை முதலில் பிடிச்சு வைக்கிறது அதுதான். அதுக்கு 5 மீட்டர் உள்ளே மனிடோபா மேப்பிள், பர் ஓக் மாதிரி இலையுதிர் மரம், 2.5 மீட்டர் இடைவெளியில். கடைசியா உள்ளே ஸ்ப்ரூஸ், 3.5 மீட்டருக்கு ஒண்ணு. நெருக்கி நட்டா சீக்கிரம் அடையும்னு நினைக்காதீங்க. இடைவெளியே இல்லாத வரிசைக்குப் பின்னால் காற்று சுழிச்சு அடிக்கும். பாதி அடைப்பு, பாதி திறப்பு இருக்கிற வரிசைதான் நல்லா வேலை செய்யும்.

இப்போ இரண்டு எச்சரிக்கை. என்னைத் தெரிஞ்சவங்களுக்கு இது மனப்பாடம். ஒண்ணு, ஒரே ஜாதி மரத்தை மட்டும் வரிசையா நடாதீங்க. ஒரு பூச்சி வந்தா மொத்தமும் போகும். இரண்டு, முதல் 3 வருஷம் களை எடுங்க. இங்கே கன்று சாகிறது குளிரால் என்று எல்லாரும் சொல்வாங்க. நான் பார்த்த பட்டுப்போன வரிசைகளில் முக்கால்வாசியைக் கொன்னது காலடியில் நின்ன புல். தண்ணிக்குப் போட்டின்னு வந்தா இந்த மண்ணில் புல்தான் ஜெயிக்கும்.

கேள்வி (பிராண்டன்): பழைய பண்ணைகளில் வரிசை வரிசையா நிக்கிற மரங்களை யார் நட்டாங்க? அரசாங்கமா?

நல்ல கேள்வி. நட்டது குடியானவங்க, கன்று கொடுத்தது அரசாங்கம். 1901-இல் குடியேறிகளுக்கு இலவசக் கன்று கொடுக்கிற திட்டம் தொடங்கிச்சு. சஸ்காட்சுவனில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் நாற்றுப்பண்ணை வந்தது. பணம் வேண்டாம், ஆனா நிலத்தை முன்னாடியே உழுது வெச்சிருக்கணும், களை எடுக்கிறேன்னு ஒத்துக்கணும். (பார்த்தீங்களா, களை! அப்பவே தெரிஞ்சிருக்கு.) 100 வருஷத்துக்கு மேல் நடந்து 60 கோடிக்கும் அதிகமான கன்றுகள் அங்கிருந்து போயிருக்கு. 2013-இல் மூடிட்டாங்க. இரண்டாவது பண்ணை 1913 முதல் 1966 வரை சஸ்கட்டூனில் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிட்டு மிருகக்காட்சி சாலைக்குப் போறீங்களே, அதே இடம்தான். அங்கே போனா மிருகத்தை விட்டுட்டு ஒரு தரம் அண்ணாந்து பாருங்க.

அமெரிக்கப் பக்கம் கதை இன்னும் கூத்து. 160 ஏக்கரில் 40 ஏக்கருக்கு மரம் வளர்த்தா நிலம் உனக்கேன்னு 1873-இல் சட்டம் போட்டாங்க. மரம் நட்டா மழை வரும்னு பலர் நம்பின காலம். மரமும் பிழைக்கலை, மழையும் வரலை, பொய்க்கணக்குக் காட்டி நிலம் வளைச்சவங்கதான் மிச்சம். 1891-இல் சட்டத்தைத் தூக்கிட்டாங்க. 1930-களில் புழுதிப்புயல் வந்த பிறகுதான் ஒழுங்கான வேலை நடந்தது. 1935 முதல் 1942 வரை வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை ஏறக்குறைய 22 கோடி மரம், 30,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசை. அதில் யாரும் மழையைக் கேட்கலை. காற்றை அடக்கி மண்ணைப் பிடிச்சு வெச்சா போதும்னு கேட்டாங்க, அது கிடைச்சது.

கேள்வி (வின்னிபெக்): அக்கா, எங்கட வீட்டு வாசல்ல ஒரு பெரிய எல்ம் மரம் நிக்குது, கொப்பெல்லாம் கூரையில முட்டுது. இந்தக் கிழமை இவர் ஏறி வெட்டப்போறாராம். விறகை ரெஜைனாவில இருக்கிற தங்கச்சிக்குக் குடுத்துவிடலாமோ?

அவரை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்க, உடனே. டச்சு எல்ம் நோய் மனிடோபாவுக்கு 1975-இல் வந்தது, சஸ்காட்சுவனுக்கு 1981-இல். பட்டைக்குள் வாழ்ற சின்ன வண்டு பூஞ்சையைச் சுமந்துட்டு வரும். கோடையில் வெட்டின காயத்தோட வாசனைக்கு அது தேடி வரும், அதனால் எல்ம் கவாத்துக்குக் கோடையில் தடை. எங்க மாகாணத்தில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. உங்களுக்கு எந்தத் தேதி என்று நகராட்சியில் கேளுங்க.

விறகை அனுப்பவே கூடாது. சஸ்காட்சுவனில் எல்ம் விறகைக் கொண்டுபோறதும் அடுக்கி வைக்கிறதும் சட்டவிரோதம். எல்லாருக்கும் சொல்றேன், விறகை ஊர் மாத்தாதீங்க. உங்க நகரத்தில் ஆஷ் மரத்தைத் துளைக்கிற மரகத வண்டையும் 2017-இல் கண்டுபிடிச்சாச்சு. மூஸ் ஜா தம்பிக்கு ஆஷ் சொல்லாம விட்டது அதனால்தான்.

கேள்வி (கால்கரி): வேப்பமரம் இல்லாட்டி மாமரமாவது?

மேலே பாருங்க. அதே −40.

கேள்வி (எட்மன்டன்): வணக்கம். இவ்வளவு நிலம் காலியாகக் கிடக்கிறது. கோடிக்கணக்கில் மரம் நட்டால் கார்பன் பிரச்சினை குறையுமே? மரத்தையே தொழிலாகக் கொண்ட நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

"காலி" என்ற சொல்லில்தான் சார் எனக்குச் சண்டை. உழாத புல்வெளியில் ஒரு சதுர மீட்டர் தோண்டிப் பாருங்க. வேர் அடர்ந்து கறுப்பா இருக்கும் மண். கார்பன் அங்கேதான் சேர்ந்து கிடக்கு. காட்டில் தீப்பிடிச்சா மரத்தில் சேர்ந்தது புகையாப் போகும், புல்வெளியில் தீப்பிடிச்சா மண்ணுக்குள் இருக்கிறது அப்படியே இருக்கும். அதோட, பனி மூடிய வெள்ளை நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அதே இடத்தில் கரும்பச்சை ஸ்ப்ரூஸ் நின்னா வெயிலை உள்ளே இழுக்கும். மனிடோபாவின் உயரப்புல் பிரெய்ரியில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அந்த மிச்சத்தில் போய் மரம் நடணுமா?

(அதே எட்மன்டன் நண்பர்): அப்படியானால் மரவரிசைகளும் தவறுதானே? முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது.

(லெத்பிரிட்ஜ் நண்பர் குறுக்கே): தவறேதான். ஸ்ப்ராக் பிப்பிட் மாதிரி புல்வெளிப் பறவைகள் மரம் தெரிஞ்சாலே ஒதுங்கிடும். மரத்தில் காக்காவும் மேக்பையும் உட்கார்ந்து தரையில் இருக்கிற கூட்டைக் கொள்ளையடிக்குது. எல்லா வரிசையையும் பிடுங்கணும்னு நான் சொல்வேன்.

சரி, இரண்டு பக்கமும் அடி வாங்க நான் தயார். லெத்பிரிட்ஜ் சார், பிப்பிட் பற்றி நீங்க சொன்னது சரி. ஆனா ஃபெருஜினஸ் பருந்து தனி மரத்தில் கூடு கட்டுது, ஸ்வெயின்சன் பருந்து பழைய மரவரிசையில் கட்டுது. தரை அணிலையும் எலியையும் பிடிக்கிறது அதுங்கதான். அதையும் பிடுங்கிடலாமா? எட்மன்டன் சார், முரண் எதுவும் இல்லை. ஏற்கெனவே உழுத வயல், வீடு, மாட்டுப்பட்டி, நீர்க்குட்டை இருக்கிற இடத்தில் மரம் வேணும். உழாத புல்வெளியில் வேண்டாம். இடம்தான் கேள்வி.

நெப்ராஸ்காவில் ஹால்சி என்ற ஊர்ப்பக்கம், மணல்மேட்டுப் புல்வெளி நடுவில், கையாலேயே நட்ட ஒரு காடு இருக்கு. சார்ல்ஸ் பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியர் வற்புறுத்தி 1902-இல் தொடங்கினது, ஏறக்குறைய 20,000 ஏக்கர். அவர் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். இன்னைக்கு அதே மாநிலத்தில் கிழக்குச் செஞ்சீடர் என்ற ஊசியிலை மரம் புல்வெளியை மூடிட்டு வர்றதை நிறுத்த, பண்ணைக்காரங்க சேர்ந்து நிலத்துக்குத் தீ வைக்கிறாங்க. அது அந்த ஊர் மரமேதான். தீயை நிறுத்தினதும் பெருகிடுச்சு. நம்ம ஊர் சீமைக் கருவேலத்தை நினைச்சா பாதி புரியும், ஆனா அது வெளியூர் மரம். நெப்ராஸ்காவில் சொந்த ஊர் மரமே இடம் மாறினா தொல்லை.

(லெத்பிரிட்ஜ் நண்பர்): பருந்துக்கு ஒரு மரம் போதும், ஒரு மைல் வரிசை எதுக்கு?

ஒரு மைல் வரிசை பருந்துக்கு இல்லை சார், மண்ணுக்கு. இப்போ அதையும் பெரிய விதைப்பு இயந்திரம் திரும்ப இடம் வேணும்னு புல்டோசர் விட்டுத் தள்ளுறாங்க. உழாமலே விதைக்கிறதால் மண் பறக்காதுன்னு காரணம் சொல்றாங்க, பாதி உண்மைதான். வறட்சி வருஷத்தில் மீதிப் பாதியைப் பார்க்கலாம்.

கேள்வி (ரெட் டியர்): நடுவில் வர்றேன், மன்னிக்கணும். வேப்பங்கன்று ஒண்ணு ஊரிலிருந்து…

கொண்டு வராதீங்க! விமான நிலையத்தில் பிடுங்கிடுவாங்க. இது மூணாவது தடவை.

கேள்வி (ரெஜைனா): கறிவேப்பிலை தொட்டியில்…

தொட்டிச்செடிக்கு வேற ஆளுன்னு மேலே சொன்னேன். ஜன்னலோரம் வையுங்க, தண்ணி குறைச்சு ஊத்துங்க. அதுக்கு மேலே என்னைக் கேட்காதீங்க.

கேள்வி (சஸ்கட்டூன்): அக்கா, பின்பக்கம் சின்ன இடம். மகளுக்கு ஏழு வயசு, அவள் பெயரில் ஒரே ஒரு மரம். எது வைக்கலாம்?

பர் ஓக். மெதுவா வளரும், பாப்பாவுக்குப் பொறுமை இருக்கான்னு கேட்டுக்குங்க. இந்தப் புல்வெளி ஓரத்தில் தீயோட கூடவே வாழ்ந்த மரம் அது. கெட்டியான தக்கைப் பட்டை, அதனால் சின்னத் தீயில் சாகாது. ஆணிவேர் ஆழமா இறங்கும், அதனால் சின்னக் கன்றா வாங்குங்க. பெரிய கன்றைப் பெயர்த்து நட்டா வருஷக்கணக்கா முகத்தைத் தூக்கி வெச்சுக்கும். வேலியிலிருந்தும் சுவரிலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி நடுங்க. முதல் குளிர்காலத்துக்கு முன்னாடி தண்டைச் சுத்திக் கம்பிவலை போடுங்க. பனி உயர உயர முயல் அதுமேலே ஏறி நின்னு பட்டையைக் கடிக்கும், அதனால் வலை இடுப்பளவு உயரம் வேணும்.

கேள்வி (ரெஜைனா): கடைசியா ஒண்ணு அக்கா. அடுத்த வாரம் குடும்பத்தோட சைப்ரஸ் ஹில்ஸ் முகாமுக்குப் போறோம். வீட்டுப் பின்னாடி வெட்டின விறகு கிடக்கு, வண்டியில் போட்டுட்டுப் போகலாமா?

என்ன மரம்?

(ரெஜைனா): தெரியலை அக்கா. பழைய வீட்டுக்காரர் வெட்டிப் போட்டது.

அதைத் தொடாதீங்க. பட்டையோட ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. விறகு அங்கேயே வாங்கிக்கலாம்.