வாசகர் கேள்வி பதில்: பிள்ளையின் மூளைத் தமனியில் புடைப்பு

கேள்வி: என் அக்காள் மகனுக்கு வயது 9. திடீரென்று வலிப்பு வந்ததால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். மூளைக்குச் செல்லும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு புடைப்பு இருப்பதாகவும், அது இன்னும் வெடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஒரு மருத்துவர் மண்டையோட்டைத் திறந்து கிளிப் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, காயில் என்னும் கம்பிச் சுருள் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். தலையைத் திறக்காத முறையே நல்லது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எதை ஏற்பது?
வாசகி, கரூர்

பதில்: தலையைத் திறப்பதா வேண்டாமா என்பதிலிருந்து இந்த முடிவைத் தொடங்காதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவன் இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ வேண்டிய பிள்ளை. அவ்வளவு காலமும் அந்தப் புடைப்பு அடைபட்டே இருக்க எந்த முறை உதவும், அதை ஒட்டிப் பிரியும் நல்ல ரத்தக்குழாய்களை எந்த முறை காப்பாற்றும் என்பவையே முதலில் கேட்க வேண்டியவை.

தமனிச் சுவரின் நலிந்த பகுதி, ரத்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் குமிழாகப் புடைப்பதையே அனியூரிசம் என்கிறோம். இந்நோய் உள்ளவர்களில் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பெரியவர்களில் பெண்களுக்கே இது அதிகம். குழந்தைகளில் சிறுவர்களுக்கு அதிகம். உங்கள் பிள்ளைக்கு இருப்பதுபோல், கழுத்துத் தமனி மூளைக்குள் சென்று கிளை பிரியும் முனையில் வருவதும், 25 மில்லிமீட்டருக்கும் மேல் பெருத்துவிடுவதும் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. காரணங்களும் வேறுபடுகின்றன. தமனிச் சுவரின் உள்ளடுக்கு கிழிவது, தலையில் அடிபடுவது, இதய வால்வில் பற்றிய கிருமி ரத்தத்தோடு மூளைக்கு வந்து சேர்வது, பிறவியிலேயே இணைப்புத் திசு நலிந்திருப்பது, பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்திருப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். எனவே இதயத்துக்கு எக்கோவும் வயிற்றுக்கு ஸ்கேனும் எடுத்தார்களா என்று கேளுங்கள். கிருமியால் வந்த புடைப்பு என்றால் சுவர் நைந்துபோயிருக்கும். அதற்குப் பல வாரங்கள் ஆன்டிபயாடிக் ஊசி தேவைப்படும், சில அதிலேயே சுருங்கிவிடுவதும் உண்டு.

கிளிப் முறை பழமையானது. 1937-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டேன்டி, புடைப்பின் கழுத்தில், அதாவது அது தமனியோடு சேரும் இடத்தில், வெள்ளிக் கிளிப் ஒன்றைப் பொருத்தி இதைத் தொடங்கிவைத்தார். கழுத்து முழுவதும் கிளிப்புக்குள் அகப்பட்டுவிட்டால் அந்த இடம் மீண்டும் புடைப்பது அரிது. காயில் முறையில், 1990-ல் குய்டோ குக்லியெல்மி லாஸ் ஏஞ்சலிஸில் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தியதுபோல், மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களைப் புடைப்புக்குள் நிரப்புகிறார்கள். உள்ளே ரத்தம் உறைந்து அது அடைபடுகிறது. பிள்ளை விரைவில் எழுந்து நடப்பான் என்பது உண்மையே. ஆனால் காலப்போக்கில் சுருள்கள் அமுங்கி, புடைப்பின் வாய் மறுபடி திறந்துகொள்ள வாய்ப்புண்டு. வெடித்த புடைப்புகளுக்குக் காயிலே மேல் என்று 2002-ல் வெளியான பெரிய ஆய்வு, பெரியவர்களைப் பற்றியது. ஒரு சிறுவனுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

புடைப்பின் கழுத்து அகலமாக இருந்தால் காயில் நழுவாமலிருக்க, தமனிக்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைக்கச் சொல்வார்கள். அங்கே நான் தயங்குவேன். ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினும் க்ளோபிடோகிரெலும் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஓடி விளையாடி விழுகிற வயதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் அவை. மேலும், பிள்ளையின் தமனி வளரும், ஸ்டென்ட் வளராது. எனவே கழுத்து அகலமாக, கத்தி எட்டும் இடத்தில் இருந்தால் கிளிப்பையும், குறுகலாக இருந்தாலோ மூளையின் பின்புறம் ஆழத்தில் இருந்தாலோ காயிலையும் நான் விரும்புவேன். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தை அறுவை மருத்துவரும் காயில் வைக்கும் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்லும் மருத்துவமனையைத் தேடிச் செல்லுங்கள். குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவர்கள் அங்கே இருப்பதும் அவசியம்.

இதற்கிடையே அவனுக்கு இதுவரை இல்லாத அளவில் திடீர்த் தலைவலி, வாந்தி, பின்கழுத்து விறைப்பு, ஒரு கண்ணிமை சரிந்துவிடுவது ஆகியவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஒருமுறை கசிந்தது மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

கேள்வி: என் மகளுக்கு 4 ஆண்டுகளுக்கு முன் கிளிப் போட்டார்கள். இப்போது நன்றாகப் படிக்கிறாள். இனியும் பரிசோதனை தேவையா? அவள் தம்பிக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: தேவை. கிளிப் போட்ட இடம் சரியாக இருந்தாலும், குழந்தைப் பருவத்தில் ஒரு புடைப்பு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் வேறொரு தமனியில் புதிதாக வரக்கூடும். ஆகவே அவள் பெரியவளான பின்னும் இந்தக் கண்காணிப்பு தொடர வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை அவளுடைய மருத்துவரே சொல்ல வேண்டும். கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர். ஆஞ்சியோகிராமை இயன்றவரை கேட்டுப் பெறுங்கள். தம்பியைப் பொறுத்தவரை, குடும்பத்தில் ரத்த உறவுகள் இருவருக்கேனும் இந்நோய் இருந்தாலோ, மகளுக்குப் பரம்பரைக் காரணம் ஏதேனும் தெரியவந்திருந்தாலோ ஸ்கேன் எடுப்பது முறை. அவள் ஒருத்திக்கு மட்டும் இருப்பதனால் உடனே எடுத்தாக வேண்டியதில்லை.

ஒன்றை மறவாதீர்கள். இன்றைய டைட்டானியம் கிளிப்புகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் பழைய எஃகு வகைகள் சில அந்தக் காந்தப்புலத்தில் நகர்ந்துவிடக்கூடியவை. கிளிப்பின் வகை எழுதப்பட்டுள்ள டிஸ்சார்ஜ் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஸ்கேன் அறைக்குள் போகும் முன் அதைக் காட்டுங்கள்.