குத்துச்சண்டையில் முந்தைய நாளே எடை பார்ப்பது ஏன்?

நீங்கள் கேட்பது தொழில்முறைச் சண்டைகளைப் பற்றி. ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டிகளில் அப்படி இல்லை. மோதல் உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் தராசில் ஏறியாக வேண்டும். எடைப் பிரிவுகளும் குறைவு. 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வென்ற மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள் (51, 60, 75 கிலோ) என்பதால் 51க்கு ஏறித்தான் வெண்கலம் வாங்கினார்.

தொழில்முறையில் பெரும்பாலும் 17 பிரிவுகள். முந்தைய நாள் எடை பார்த்தால், பிரிவின் எடை வரம்புக்குள் அடங்க வற்றவைத்த உடம்பில் நீர் ஏற ஒரு நாள் கிடைக்கும் என்பது கணக்கு. நடப்பதோ, அந்த ஒரு நாளை நம்பி இன்னும் அதிகமாக வற்றவைப்பது! பிளாஸ்டிக் உடுப்போடு கயிறு தாண்டி வியர்த்து, தண்ணீரை நிறுத்தி, கடைசியில் உள்ளாடையையும் கழற்றித் துண்டு மறைவில் தராசில் நிற்பார்கள். மறுநாள் பல கிலோ கூடி வளையத்துக்குள் வருவார்கள். இதைத் தடுக்க உலகப் பட்டங்கள் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப். தன் பட்டச் சண்டைகளுக்கு மறுநாள் காலையும் எடை பார்க்கிறது. வரம்புக்கு மேல் 10 பவுண்டு தாண்டக் கூடாது.

பட்டம் இல்லாத சண்டையில் பெரும்பாலும் ஒரு பவுண்டு சலுகை உண்டு. பட்டச் சண்டையில் அதுவும் கிடையாது. 2018இல் டோக்கியோவில் 118 பவுண்டு வரம்பைத் தாண்டிய உலகச் சாம்பியன் லூயிஸ் நேரி தராசிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் சண்டையில் ஜெயித்தும் அது திரும்பவில்லை.