கம்பு பிடிக்கும் கை: சிலம்பம் கேள்வி – பதில்

பத்து நிமிடம் கம்பு சுற்றினாலே முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. ஆசான் "கையைத் தளர விடு" என்கிறார். தளர விட்டால் கம்பு பறந்துபோகிறது. என்ன செய்வது?
– வாசகர், தேவிபட்டினம்

ஆசான் சொல்வது சரி. நீங்கள் ஐந்து விரலையும் ஒன்றாகத் திறக்கிறீர்கள், அதுதான் தப்பு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பைச் சுற்றி வளையமாக நிற்க வேண்டும். அந்த வளையம் அவிழவே கூடாது. மற்ற மூன்று விரல்கள் கம்பு திரும்புகிற போக்குக்குத் திறந்து மூடட்டும். அடி படுகிற கணத்தில் ஐந்தும் இறுகி, உடனே விட வேண்டும்.

முழங்கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் எதிரெதிராக வேலை செய்பவை. முறுக்கிப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து விறைக்கும். ஒன்று இழுக்க மற்றது தடுக்கும். நங்கூரத்தைத் தூக்காமல் பாய் விரித்தது போலத்தான். வேகமும் வராது, கையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

ஒரு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். முன்வீச்சு 20, பின்வீச்சு 20, இரண்டு கைக்கும். ஒவ்வொரு இருபதுக்குப் பிறகும் கையைத் தொங்கவிட்டு அரை நிமிடம் உதறுங்கள். முன்கை எரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சுற்றினால் உடம்பு இறுக்கத்தைத்தான் பழகும். கவனிக்க வேண்டியவை தோள், தாடை, மூச்சு. தோள் காதை நோக்கி ஏறினாலோ, பல்லைக் கடித்தாலோ, மூச்சை அடக்கினாலோ விரல்களும் தானாக இறுகும். உள்ளங்கையில் விரல்களின் அடியில் கொப்புளம் வந்தால் இன்னும் நெரிக்கிறீர்கள் என்று பொருள்.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் கை வியர்த்து வழுக்கும். அதனாலேயே பலர் அழுத்திப் பிடிக்கிறார்கள். இடுப்பில் ஒரு காய்ந்த துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். மணலைத் தேய்க்காதீர்கள், தோல் உரியும். கனமான மூங்கிலை ஒதுக்கி, நெற்றி உயரத்துக்கு இலேசான பிரம்பு ஒன்றை எடுப்பது நல்லது.

பதின்மூன்று வயது மகள் வரிசையெல்லாம் (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்கள்) அழகாகச் செய்கிறாள். எதிரில் ஆள் நின்றால் உறைந்துவிடுகிறாள். பயம் எப்போது தெளியும்?
– ஒரு தாய், கீழக்கரை

பெரும்பாலும் கண்ணில் தொடங்குகிற சிக்கல் இது. கம்பின் நுனியைத் துரத்தினால் கண் எப்போதும் பிந்தியே போகும். எதிராளியின் நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு தோளும் காலடியும் ஓரப் பார்வையில் தானாகத் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் துறவி தக்குவான், வாள் ஆசான் யாக்யூ முனெநோரிக்கு எழுதியதும் இதைத்தான்: மனம் எதிராளியின் வாளில் போய் நின்றால் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

பயிற்சியைச் சின்னதாக்குங்கள். துணி சுற்றிய கம்பு, தலைக்கவசம், ஒரே அடி, எங்கே விழும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மெதுவாகப் பத்து முறை. கண் இமைக்காமல் தடுக்கப் பழகியதும் இரண்டு இடம், பிறகுதான் வேகம். களத்தில் இறங்குமுன் நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடட்டும். ஐந்து முறை போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஓரத்தில் நின்று "பயப்படாதே" என்று மட்டும் கத்தாதீர்கள். அந்தச் சொல்லே பயத்தை நினைவூட்டும்.

ஆடிக் காற்றில் கடற்கரையில் பழகலாமா?
– வாசகர், பாம்பன்

பழகலாம். காற்று கம்பைத் தள்ளுவது கொஞ்சம்தான். முகத்தில் மணல் அறையும்போது கழுத்தும் தோளும் விறைப்பதே பெரிய தொல்லை. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அந்த மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) சீறும், வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் அமைதியாக இருக்கும், அங்கே போய்விடுங்கள். காய்ந்த மணலில் கால் விரல்கள் நிலத்தைக் கவ்வி, கெண்டைக்கால் இறுகும். நீரோரம் ஈரம் கெட்டித்த மணலே காலடி வரிசைக்கு ஏற்றது. கரை சரிவாக இருப்பதால் பாதி நேரம் திரும்பி நின்று செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு காலே சுமக்கும்.

தளர்வு என்றால் தொய்வுதானே?
– வாசகர், தொண்டி

இல்லை. சீனாவின் தாய்ச்சி என்னும் தற்காப்புக் கலையில் இதை 'சோங்' என்பார்கள்: தேவையற்ற இறுக்கம் மட்டும் போய், நிமிர்வு அப்படியே இருக்கும். சோதிக்க வேண்டுமா? கம்போடு நில்லுங்கள், நண்பர் உங்கள் முழங்கையை ஒரு விரலால் தள்ளட்டும். கை நகர்ந்து திரும்பி வந்தால் தளர்வு. மரம்போல் நின்றால் இறுக்கம். கம்பு கீழே விழுந்தால் தொய்வு.