புகை ரூம்ல வேலை பாக்க மாட்டேன்னு சொல்லலாமா?

கேள்வி: அண்ணா, நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல வெயிட்டரா இருக்கேன், ஊரு திருநெல்வேலி பக்கம். எங்க கடையில கண்ணாடி அடைச்சு தனியா ஒரு ஸ்மோக்கிங் ரூம் இருக்கு, வெள்ளி சனி ராத்திரி அங்கதான் கூட்டம். எனக்கு சின்ன வயசுலேர்ந்தே வீசிங், உள்ள போயிட்டு வந்தா விடியவிடிய இருமல். முதலாளிட்ட சொன்னா "சட்டப்படிதான் ரூம் கட்டிருக்கேன், பிடிக்கலன்னா வேற வேலை பாத்துக்கோ"ங்கறார். பார், ரெஸ்டாரன்ட்ல புகைய மொத்தமா தடை பண்ணா என்னண்ணா? (பெயர் வேண்டாம், டர்பன்)

பதில்: தம்பி, உங்க முதலாளி பாதிச் சட்டத்த மட்டும் சொல்லிருக்கார். இங்க இருக்கற புகையிலைச் சட்டப்படி கடையோட பரப்புல 25% வரைக்கும் புகைக்க ஒதுக்கலாம், சுவர் வச்சு அடைச்சிருக்கணும், புகை நேரா வெளிய போகணும், 18 வயசுக்குக் கீழ யாரும் உள்ள வரக்கூடாது, இதெல்லாம் சரிதான். ஆனா அதே சட்டத்துல 2007ல கொண்டு வந்து 2009லேர்ந்து அமல்ல இருக்கற திருத்தம் என்ன சொல்லுதுன்னா, புகைக்கற இடத்துல வேலை பாத்தே ஆகணும்னு யாருக்கும் நிபந்தனை போடக்கூடாது, வெளிப்படையாவும் கூடாது மறைமுகமாவும் கூடாது, "எனக்கு எதாச்சும் ஆனா கடை பொறுப்பில்ல"ன்னு கையெழுத்தும் வாங்கக்கூடாது, புகை வேண்டாம்ங்கற தொழிலாளி மேல புகை படாம பாத்துக்கறது முதலாளியோட கடமை. அதனால வாய்ல சொல்லாம தேதி போட்டு எழுதிக் குடுங்க, டாக்டர் சீட்டு ஒண்ணு சேத்து வைங்க, ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும். வேலையை விட்டுத் தூக்கினா 30 நாளுக்குள்ள சிசிஎம்ஏ-ல (முதலாளி தொழிலாளி தகராறத் தீத்து வைக்கற அமைப்பு) புகார் குடுக்கணும், அதுக்குக் காசு கிடையாது, வெளிநாட்டுக்காரங்களும் போகலாம். பர்மிட்டுக்குப் பயந்துட்டு நம்ம பசங்க நிறைய பேர் வாயே தொறக்கறதில்ல, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் அது.

தடை பண்ணலாமான்னா, கண்டிப்பா பண்ணணும். இந்த ரூம் ஏற்பாட்டுல பக்கத்து டேபிள் குடும்பத்தப் பத்தி யோசிச்சாங்க, தட்டு தூக்கிட்டுப் போறவன யோசிக்கல. பிரியாணி கொண்டு போகக் கதவத் தொறக்கணும், ஆஷ்ட்ரே மாத்த ஒரு தடவை, பில்லுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் புகையும் கூடவே ஹாலுக்கு வருது. அடுத்தவங்க விடற புகைல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, ஃபேன், ஏசி, தனி ரூம் எதுவும் முழுசாக் காப்பாத்தாதுன்னு அமெரிக்க அரசோட தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006லயே அறிக்கை குடுத்துட்டார். கஸ்டமர் ஒரு மணி நேரத்துல கிளம்பிடுவார், நீங்க ஷிஃப்ட் முடியற வரைக்கும் உள்ளதான நிக்கணும். அயர்லாந்து 2004ல தடை பண்ணிடுச்சு, பக்கத்துல மொரீஷியஸ் 2009 மார்ச்லயே பண்ணிடுச்சு. இங்க 2022 டிசம்பர்ல பார்லிமென்ட்டுக்குக் கொண்டு வந்த மசோதாவும் இந்த ரூம்களையே எடுக்கச் சொல்லுது, வருஷக்கணக்கா இழுத்துட்டிருக்காங்க.

கேள்வி: நான் டர்பன் சாட்ஸ்வர்த் ஏரியால பார் வச்சிருக்கேன். தடை வந்தா வியாபாரம் படுத்துடும். 2020 தடைல கள்ளச் சிகரெட்டுதான பெருகுச்சு? (ஒரு வாசகர்)

பதில்: ஐயா, 2020 மார்ச் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் கொரோனாக்காக விக்கறதயே நிறுத்தினாங்க, அதனாலதான் கள்ளச்சந்தை அப்படிக் கொழுத்துச்சு. இப்ப பேச்சு எங்க புகைக்கறதுங்கறத பத்தி மட்டும்தான், பாக்கெட்ட யாரும் பிடுங்கப் போறதில்ல. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பல நாட்டுக் கணக்க அலசி 2009ல போட்ட புத்தகத்துல, தடையால பார் ரெஸ்டாரன்ட் வியாபாரம் விழலன்னுதான் சொல்லிருக்கு. கஸ்டமர் வெளிய போய் ஊதிட்டுத் திரும்ப வந்து உக்காருவார், கிளாஸ் டேபிள்லதான இருக்கு.

இன்னொண்ணு, நிறைய பேர் ஹப்ளிய (ஹூக்காவத்தான் இங்க அப்படிச் சொல்றாங்க) ஹால்லயே டேபிளுக்கு டேபிள் வச்சு விடறாங்க. அதுவும் புகையிலைதான், ஸ்மோக்கிங் ரூமத் தவிர கடைக்குள்ள வேற எங்க வச்சாலும் இப்ப இருக்கற சட்டத்துலயே தப்பு, உங்க கடைல இருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க.